சூப்பர் மார்க்கெட்டில் ‘ஆர்கானிக்’ அலமாரி: எதைப் பார்த்து வாங்குறீங்க?

வடவள்ளிப்பொண்ணு | ஞாயிறு, இரவு 9.10

வணக்கம்ங்க. கோயம்புத்தூர் வடவள்ளியில இருக்கோம். அப்பாவுக்கு 62 வயசு. போன மாசம் எடுத்த சர்க்கரை டெஸ்ட்ல மூணு மாசச் சராசரி 8.1 வந்திருக்கு. வெள்ளைச் சோத்தைப் பாதியாக் குறைங்க, பேக்கரிப் பக்கமே போகாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாங்க.

வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற சூப்பர் மார்க்கெட்ல பச்சை போர்டு மாட்டி, ஒரு சுவர் முழுக்க ஆர்கானிக், ஹெல்த் ஃபுட்ஸ்னு புதுசா அடுக்கியிருக்காங்க. சனிக்கிழமை போய் கூடை நிறைய எடுத்துட்டு வந்தேன். ராகி பிஸ்கட், மல்டிகிரெய்ன் பிரெட், சாமை ஒரு கிலோ, நாட்டுச் சர்க்கரை, தேன், சத்துமாவு. பில்லு 1,870 ரூபாய்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கண்ணாடியைப் போட்டுட்டு ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் படிச்சார். ராகி பிஸ்கட்டை என் கையில குடுத்து, “இதைப் படி கண்ணு”ன்னார். மொதல்ல மைதா. அடுத்து சர்க்கரை. அதுக்கடுத்து பாமாயில். ராகி நாலாவதா நிக்குது, 7 சதவீதம். முன்பக்கம் பூரா கேழ்வரகுக் கதிர் படம்.

எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. பணம் போனதுக்காக இல்ல. சர்க்கரை இருக்கிற மனுசனுக்கு மைதாவையும் சர்க்கரையையும் நானே வாங்கிட்டு வந்து, “இது உங்களுக்கு நல்லதுப்பா”ன்னு நீட்டியிருக்கேன்.

அந்த அலமாரியில எதை நம்பி எடுக்கிறது, எதை விடுறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பின்பக்கம்படி | ஞாயிறு, இரவு 10.25

உங்கள் அப்பா செய்ததுதான் சரி. நான் உணவுப் பொருள் பாக்கெட் செய்யும் இடங்களில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினேழு வருடம் இருந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அலமாரியில் இரண்டு வேறு வேறு விஷயங்களை ஒரே போர்டுக்குக் கீழே அடுக்கிவிட்டார்கள். ஆர்கானிக் என்பது எப்படி விளைந்தது என்பதைச் சொல்லும் வார்த்தை. ஹெல்த் என்பது நம் உடம்புக்கு என்ன செய்யும் என்பதைப் பற்றியது. ஆர்கானிக் சர்க்கரையும் ரத்தத்தில் சர்க்கரையைத்தான் ஏற்றும். ஆர்கானிக் மைதாவும் மைதாதான்.

ஆர்கானிக் என்ற சொல்லுக்குச் சட்டம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2017-இல் ஆர்கானிக் உணவுக்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது. 2018 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. கடையில் பாக்கெட்டாக விற்கும் பொருளில் ஆர்கானிக் என்று போட வேண்டுமானால் இரண்டில் ஒரு சான்று வேண்டும். ஒன்று என்பிஓபி. மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் உள்ள அபேடா நடத்துவது, சான்று நிறுவனம் வயலுக்கே வந்து ஆய்வு செய்யும். இன்னொன்று பிஜிஎஸ் இந்தியா. விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் ஆய்வு செய்து பொறுப்பேற்பது, மத்திய வேளாண் அமைச்சகத்தின் திட்டம். பாக்கெட்டில் ‘ஜைவிக் பாரத்’ முத்திரை, அதோடு ‘இந்தியா ஆர்கானிக்’ அல்லது பிஜிஎஸ் முத்திரை, சான்று எண் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைப் பார்த்துவிட்டு, “அதான் அரசாங்க நம்பர் இருக்கே” என்பார்கள். அது உணவுத் தொழில் செய்வதற்கான உரிமம். சிப்ஸ் பாக்கெட்டிலும் அது இருக்கும். ஆர்கானிக்கிற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இனி ஹெல்த். சேர்மானப் பட்டியலை எடையில் அதிகமானதில் தொடங்கி இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களைப் படித்தால் அந்தப் பொருள் என்னவென்று தெரிந்துவிடும். முன்பக்கம் ‘ராகி’ என்று தூக்கிப் பிடித்தால், எத்தனை சதவீதம் என்று பின்னால் சொல்லியாக வேண்டும். அதனால்தான் அந்த 7 உங்கள் அப்பா கண்ணில் பட்டது.

பிரவுன் பிரெட்டில் ஐஎன்எஸ் 150 என்று இருந்தால் அது கேரமல் நிறமி. பழுப்பு நிறம் கோதுமைத் தவிட்டால்தான் வந்தது என்று எண்ண வேண்டாம். ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று கடலை எண்ணெயில் போடுகிறார்கள். செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் சொல்லிக்கொள்ளும்படி கொலஸ்ட்ரால் கிடையாது. நார்ச்சத்து உள்ளது என்று சொல்ல 100 கிராமில் 3 கிராம் போதும், நார்ச்சத்து மிகுந்தது என்று சொல்ல 6 கிராம் வேண்டும். ‘வெள்ளைச் சர்க்கரை இல்லை’ என்று முன்னால் இருந்தால் உடனே திருப்புங்கள். பெரும்பாலும் வெல்லமோ தேனோ பேரீச்சைப் பாகோ இருக்கும்.

---

ரெண்டுபிள்ளைஅம்மா | ஞாயிறு, இரவு 10.50

சத்துமாவு, பால்ல கலக்குற பவுடர் இதுக்கெல்லாம் ஹெல்த் டிரிங்க்னு போடலாமா சார்? எங்க பிள்ளைங்களுக்கு ஆறு வருசமா அதான் குடுத்துட்டு இருக்கேன்.

---

பின்பக்கம்படி | ஞாயிறு, இரவு 11.05

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே இல்லை அம்மா. 2024 ஏப்ரலில் இதைச் சொல்லித்தான், இணையக் கடைகள் அந்தத் தலைப்பிலிருந்து இந்தப் பவுடர்களை எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதே ஆண்டு ஜூனில், பாக்கெட் ஜூஸ்களில் ‘100 சதவீதம் பழச்சாறு’ என்று போடக் கூடாது என்றும் சொன்னார்கள்.

உங்கள் டப்பாவை எடுத்து, 100 கிராமில் சர்க்கரை எத்தனை கிராம் என்று பாருங்கள். பிறகு நீங்களே முடிவு செய்யலாம்.

---

ரெண்டுபிள்ளைஅம்மா | ஞாயிறு, இரவு 11.12

பார்த்தேன் சார். 32.

---

கணக்குவாத்தியார் | திங்கள், காலை 6.30

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதச் சம்பளக் குடும்பத்தில் எல்லாவற்றையும் ஆர்கானிக்கில் வாங்கச் சொல்வது நியாயமில்லை. என் தெருவில் ஆர்கானிக் வாங்க முடியவில்லையே என்று குற்ற உணர்ச்சியோடு இருக்கும் தாய்மார்களைப் பார்க்கிறேன். அது எனக்கு மனவருத்தமாக இருக்கிறது.

கம்பு, கேழ்வரகு, சாமை, வரகு எல்லாம் மானாவாரிப் பயிர். பூச்சிமருந்து வாங்கி அடிக்கும் வசதி உள்ளவர்கள் அவற்றைப் பெரிதாகப் பயிரிடுவதில்லை, அந்தப் பயிருக்கும் அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. சாதாரண மளிகைக் கடையில் வாங்கும் கேழ்வரகே நல்ல கேழ்வரகுதான். நூறு கிராமில் 364 மில்லிகிராம் கால்சியம், 11 கிராம் நார்ச்சத்து. தீட்டிய அரிசியில் கால்சியம் பத்து மில்லிகிராம்கூட இல்லை, நார்ச்சத்து மூன்று கிராமுக்கும் கீழே. இந்த வித்தியாசத்துக்கு ஆர்கானிக் முத்திரை தேவையில்லை.

ஆர்கானிக்கிற்கென்று காசு ஒதுக்குவதானால் கீரை, கத்தரிக்காய், காலிஃபிளவர், பச்சை மிளகாய், திராட்சை இவற்றில் போடுங்கள். கத்தரியில் தண்டும் காயும் துளைக்கும் புழுவுக்காக எத்தனை முறை மருந்து அடிக்கிறார்கள் என்று பக்கத்துத் தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள். கறிவேப்பிலைக்குத் தொட்டியில் ஒரு கன்று வையுங்கள், அதைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம்.

---

கடைக்குள்ளிருந்து | திங்கள், மதியம் 2.15

நான் ஒரு சூப்பர் மார்க்கெட்ல ஒன்பது வருசம் பர்ச்சேஸ் பார்த்தேன். இப்ப வேற வேலை. பேர் வேண்டாம், விஷயத்தை மட்டும் சொல்றேன்.

அந்தப் பச்சை அலமாரியில சரக்கு மெதுவாத்தான் நகரும். பொன்னி அரிசி வாரத்துக்கு ரெண்டு தடவை இறங்கும், தீட்டாத வரகு மூணு மாசம் அங்கேயே உக்காந்திருக்கும். அதனால எக்ஸ்பைரியை மட்டும் பார்க்காதீங்க அக்கா, பேக் பண்ணின தேதியைப் பாருங்க. முன்வரிசையில பழசு, பின்வரிசையில புதுசு. கையை உள்ள விட்டு எடுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

கம்பு மாவை மட்டும் பாக்கெட்ல வாங்கவே வாங்காதீங்க. கம்புல எண்ணெய் ஜாஸ்தி. அரைச்சு வெச்சா சீக்கிரம் சிக்கு வாடை அடிச்சு கசந்துரும். கம்பை முழுசா வாங்கி, வேணுங்கிறப்ப மில்லுல ஒரு கிலோ அரைச்சுக்கங்க.

சாமை வாங்கினேன்னு சொன்னீங்களே, பாக்கெட்டைப் பிரிச்சு உள்ளங்கையில கொட்டிப் பாருங்க. பளபளன்னு பால் மாதிரி வெள்ளையா இருந்தா தவிட்டை முழுசாத் தீட்டிட்டாங்கன்னு அர்த்தம். தீட்டாதது சாம்பலும் மஞ்சளும் கலந்த மங்கல் நிறத்துல இருக்கும், கழுவினா தண்ணி கலங்கும், லேசா மண்வாசம் வரும். தீட்டாதது சீக்கிரம் கெட்டுரும், வண்டு விழும். அதனால கடைக்காரங்களுக்குத் தீட்டினதுதான் சௌகரியம். தப்புன்னு சொல்லல, ஆனா சர்க்கரைக்காரங்க நார்ச்சத்துக்காகத்தானே சாமை வாங்குறீங்க?

இன்னொண்ணு. பெரிய பீப்பாய்ல கொட்டி, லூஸா அளந்து குடுக்கிற ஆர்கானிக் பருப்பு, அரிசி. பீப்பாய் மேல ஒரு அட்டை எழுதி வெச்சிருப்பாங்க. எந்த மூட்டையிலிருந்து கொட்டினாங்கன்னு கேளுங்க. மூட்டையோட லேபிளைக் காட்டச் சொல்லுங்க. காட்டுற கடையும் இருக்கு. காட்டலைன்னா சாதா விலைக்குச் சாதா பருப்பையே வாங்கிக்கலாம்.

---

வடவள்ளிப்பொண்ணு | திங்கள், இரவு 8.40

கொட்டிப் பார்த்தேன் தம்பி. பால் வெள்ளை.

நாட்டுச் சர்க்கரையும் தேனும் அப்பா காப்பிக்குப் போடலாமா? அதுவாச்சும் தேறுமா?

---

பின்பக்கம்படி | திங்கள், இரவு 9.30

போட வேண்டாம். இதை மனசு கஷ்டப்பட்டுத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் நாட்டுச் சர்க்கரை என்றால் மருந்து என்ற எண்ணம் இருந்தது. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பங்கு சர்க்கரைதான். இரும்பு, தாது உப்பு கொஞ்சம் உண்டு, ஆனால் அதற்காக ஒரு நாளைக்கு மூன்று கரண்டி போட்டால் அப்பாவுக்கு நல்லதைவிடக் கெட்டதுதான் அதிகம்.

வீட்டில் மற்றவர்களுக்கு வெல்லம் வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். எலுமிச்சை மஞ்சளாகப் பளிச்சென்று இருப்பது, பெரும்பாலும் பாகு காய்ச்சும்போது ஹைட்ரோஸ் என்ற கந்தக ரசாயனம் போட்டு வெளுத்தது. வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 70 பங்கிற்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு உண்டு. மருந்து போடாத வெல்லம் அடர் பழுப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும். மழைக்காலத்தில் கசியும், அது குறையல்ல.

தேன் விஷயம் இன்னும் சிக்கல். 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேனை ஆய்வுக்கு அனுப்பியதில், எல்லாச் சோதனைகளிலும் தேறியவை 3 தான் என்று அறிவித்தது. நிறுவனங்கள் அதை மறுத்தன. பேப்பரில் சொட்டு வைப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது, தண்ணீரில் விட்டுப் பார்ப்பது என்று நம் ஊரில் சொல்லும் சோதனைகளில் எதுவும் இந்தக் கலப்படத்தைப் பிடிக்காது. கலப்படத்துக்கென்றே தயாரிக்கிற சர்க்கரைப் பாகு அது.

---

செக்கடி | செவ்வாய், காலை 7.05

காங்கயத்துலருந்துங்க. அப்பா காலத்துலருந்து செக்கு. எண்ணெயைப் பத்தி யாரும் பேசலையே, நான் சொல்றேன்.

சூப்பர் மார்க்கெட்ல மரச்செக்கு எண்ணெய்னு நாலஞ்சு பேர்ல வரிசையா இருக்கும். விலையை வெச்சே பாதி தெரிஞ்சுக்கலாங்க. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு எங்க செக்குல ரெண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு போகுது. இன்னைக்குக் கடையில பருப்பு கிலோ என்ன விலைன்னு பாருங்க, ரெண்டரையால பெருக்குங்க. புண்ணாக்கு வித்துக் கொஞ்சம் திரும்பி வரும், ஆட்டுக்கூலியும் பாட்டிலும் அதுக்குச் சரியாப் போயிரும். அந்தக் கணக்குக்கு ரொம்பக் கீழ ஒரு பாட்டில் நின்னா அது எப்படிக் கட்டுபடியாகுதுன்னு யோசிங்க.

தேங்காய் எண்ணெய் வாங்குறவங்க கொப்பரையைப் பத்திக் கேளுங்க. எங்க ஊருக் களத்துல கொப்பரைக்குப் பூஞ்சை பிடிக்காம இருக்கோணும்னு கந்தகப் புகை போடுற பழக்கம் இருக்குது. வெள்ளை வெளேர்னு பார்க்க அழகா இருக்கும். சல்பர் போடாத கொப்பரை கொஞ்சம் மங்கலா, ஓரத்துல பழுப்பா இருக்கும். வெயில்ல அஞ்சாறு நாள் திருப்பிப் போட்டுக் காயவெக்கோணும், மழை வந்தா ஓடி மூடோணும். அந்த வேலைக்குத்தான் நீங்க லிட்டருக்குக் கூடக் காசு குடுக்கறீங்க.

செக்கு எண்ணெய்ல அடியில கசடு கொஞ்சம் தங்கும். கடலை எண்ணெயைத் திறந்தா கடலை வாசம் வரோணும். ‘பிளெண்டட்’னு சின்ன எழுத்துல இருந்தா ரெண்டு எண்ணெய் கலந்தது, எது எத்தனை சதவீதம்னு லேபிள்லயே போட்டிருப்பாங்க, பாருங்க.

---

கணக்குவாத்தியார் | செவ்வாய், காலை 7.40

அந்த ரெண்டரைக் கணக்கை நாளைக்குப் பிள்ளைகளுக்கு வகுப்பில் போடப்போகிறேன். நன்றி ஐயா.

---

நாலுவேலிவயல் | செவ்வாய், இரவு 8.20

திருத்துறைப்பூண்டி பக்கம். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார்னு பாரம்பரிய நெல்லு போடுறேன். வாங்குறவங்க பேசிக்கிறத எல்லாம் படிச்சேன், விளைவிக்கிற பக்கத்துலேருந்து கொஞ்சம் சொல்லணும்னு தோணுச்சு.

எங்க பக்கத்து ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் ஐயா நெல் திருவிழா நடத்துவாரு. ரெண்டு கிலோ விதைநெல் குடுப்பாரு, அடுத்த வருசம் நாலு கிலோவாத் திருப்பித் தரணும். அப்படித்தான் எங்க வீட்டுக்கு மாப்பிள்ளைச் சம்பா வந்துச்சு. அவர் 2018 டிசம்பர்ல போயிட்டாரு. அவருக்கு வழிகாட்டின நம்மாழ்வார் ஐயா அதுக்கு அஞ்சு வருசம் முன்ன, 2013 டிசம்பர்ல. அவங்க ரெண்டு பேரும் தூக்கி நிறுத்தின நெல்லுதான் இன்னைக்கு உங்க சூப்பர் மார்க்கெட்ல அரைக் கிலோ பாக்கெட்ல நிக்குது. அது பெரிய சந்தோசம்.

ஆனா சான்று வாங்குறது எங்களுக்கு லேசு இல்ல. ரசாயனத்த நிறுத்தினதும் மறுநாளே ஆர்கானிக்னு போட முடியாது. என்பிஓபி கணக்குல நெல்லு மாதிரிப் பயிருக்கு ரெண்டு வருசம் மாற்றுக்காலம், தென்னை, மா மாதிரி மரத்துக்கு மூணு வருசம். அந்தக் காலத்துல விளைச்சல் குறையும், விலை மட்டும் சாதா விலைதான். நான் முதல் வருசம் ஏக்கருக்குப் பன்னெண்டு மூட்டை எடுத்தேன். பக்கத்து வயக்காரர் முப்பது எடுத்தாரு. அவர் அடிக்கிற மருந்து என் வயலுக்குள்ள வராம இருக்க வரப்பு ஓரமா ரெண்டு மீட்டர் விட்டு அகத்தி போட்டேன்.

நாங்க ஏழு பேர் சேர்ந்து பிஜிஎஸ் குழு வச்சிருக்கோம். குறைஞ்சது அஞ்சு பேர் வேணும். ஒருத்தர் தப்புப் பண்ணினா எல்லாருக்கும் பேர் கெடும், அதனால ஒருத்தர் வயல ஒருத்தர் உண்மையாவே சுத்திப் பார்ப்போம். தமிழ்நாட்டு அரசுக்கும் கோயம்புத்தூர்ல விதைச்சான்று, அங்ககச் சான்றுத் துறை இருக்கு, பாப்பா. உங்க ஊருதான்.

சிறு விவசாயி தன் நெல்ல நேரா உங்க கையில வித்தா அதுக்குச் சட்டத்துலயே சான்று விலக்கு உண்டு. ஆனா ஜைவிக் பாரத் முத்திரை போட முடியாது. அதனால முத்திரை இல்லன்னா பொய்னு நினைச்சிடாதீங்க. முத்திரை இல்லாத பாக்கெட் கடையில இருந்தா சந்தேகப்படுங்க. முத்திரை இல்லாத விவசாயி உங்க எதிர்ல நின்னா வயல் எங்கேன்னு கேளுங்க, ஒரு நாள் வந்து பாருங்க.

---

கடைக்குள்ளிருந்து | செவ்வாய், இரவு 9.00

ஐயா, ஒண்ணு கேட்கலாமா. பூச்சி விழுந்த அரிசிதான் உண்மையான ஆர்கானிக்னு கஸ்டமர்ஸ் நிறையப் பேர் நம்புறாங்க. நான் அது சரியில்லைன்னு சொல்லுவேன், கோவிச்சுக்குவாங்க.

---

நாலுவேலிவயல் | செவ்வாய், இரவு 9.25

நீங்க சொன்னதுதான் சரி தம்பி. ஈரம் சரியாக் காயலன்னா எந்த அரிசிலயும் வண்டு வரும், யூரியா போட்டதுலயும் வரும். நல்லாக் காயவச்சு, வேப்பிலை, வசம்பு போட்டு வச்சா எங்க நெல்லுல ஒரு வருசத்துக்கு ஒண்ணும் வராது. வண்டைச் சான்றா எடுத்துக்காதீங்க.

---

வடவள்ளிப்பொண்ணு | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு காலை 10.15

எல்லாருக்கும் நன்றிங்க. என்ன பண்ணினேன்னு சொல்லணும்னு தோணுச்சு.

மறுபடி அதே கடைக்குப் போனேன், இந்தத் தடவை அப்பாவையும் கூட்டிட்டு. அவர் கண்ணாடியோட ஒவ்வொண்ணையும் திருப்பிப் படிக்கிறார், நான் கூடையைப் பிடிச்சுட்டு நிக்கிறேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. பிஸ்கட், பிரெட், பவுடர் எதையும் எடுக்கலை. முத்திரையும் சான்று எண்ணும் இருந்த துவரம்பருப்பு ஒரு கிலோ, தீட்டாத வரகு ஒரு கிலோ, ரெண்டும் போன மாசம் பேக் பண்ணினது. கடலை எண்ணெய் மூணு பிராண்டுல செக்கடி ஐயா கணக்குக்குக் கட்டுபடியானது ஒண்ணே ஒண்ணு. கேழ்வரகும் கம்பும் பக்கத்து மளிகைக் கடையில சாதாவே வாங்கி, மில்லுல அரைச்சோம். மில்லு வாசல்ல சூடான மாவுப் பையை மடியில வெச்சுட்டு அப்பா, “உங்க ஆத்தா அரைச்ச மாவு வாசம்”ன்னார். காய்க்கு உழவர் சந்தை. அங்கேயும் எல்லாம் மருந்தில்லாதது இல்லைன்னு தெரியும், ஆனா கீரைக்காரம்மாகிட்ட என்ன அடிச்சீங்கன்னு நேராக் கேட்க முடியுது. ரெண்டு வாரமாக் கேட்கிறேன், இப்ப அவங்களே சொல்றாங்க.

பில்லு எல்லாம் சேர்த்து 1,140.

கேழ்வரகுன்னாலும் களி உருண்டை சின்னதாத்தான்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, மாவுச்சத்து அதுலயும் இருக்குல்ல. அளவு அப்பாவே பார்த்துக்கிறார்.

நாலுவேலி ஐயா, உங்க கருப்புக் கவுனி ரெண்டு கிலோ வந்து சேர்ந்துச்சு. நேத்து வெச்சேன், அஞ்சு விசில் விட்டும் அரிசி பல்லுல தட்டுது. என்ன தப்புப் பண்ணினேன்?

---

நாலுவேலிவயல் | ஞாயிறு, மதியம் 12.40

தப்பு ஒண்ணும் இல்ல பாப்பா, ஊறல. ராத்திரியே கழுவி ஊறப் போட்டுடு. காலையில தண்ணி கத்தரிப்பூ நிறத்துல நிக்கும், அதக் கொட்டிடாத, அதுலயே வேக வை. ஒண்ணுக்கு மூணு தண்ணி. ஒரு விசில் வந்ததும் தீயக் குறைச்சு இருபது நிமிசம் விடு. அப்பாவுக்கு முதல்ல ஒரு கை அளவுக்கு மட்டும், பருப்போடயும் கீரையோடயும் குடு.